யோவான் நாளுக்கு முன் நான்கு அட்டைகள்

2024 ஜனவரி 19, வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி பத்து நிமிடம். செர்பியாவில் மொராவா ஆற்றங்கரைச் சிறுநகர் ஒன்றின் பொது மருத்துவமனையில், அறுவை சிகிச்சைப் பிரிவின் கையிருப்பில் நான்கு வைரஸ் பரிசோதனை அட்டைகள் மீதமிருந்தன. அடுத்த பெட்டி திங்கட்கிழமை வரும்.

நான்கில் ஒன்றை எடுத்துக்கொண்டு நர்ஸ் லியுபிங்கா ஆறாம் எண் அறைக்குள் வந்தார். ஜன்னலோரக் கட்டிலில் இருப்பவர் விடியற்காலையிலிருந்து இருமுகிறார் என்று முந்தைய ஷிப்டுக்காரி எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தாள். ஜனவரி மாதத்தில் இருமினால் மூக்கில் குச்சி விடவேண்டும் என்பது விதி. குச்சியைக் குப்பியிலுள்ள திரவத்தில் கலக்கி, அட்டையில் மூன்று சொட்டு விட்டால் பதினைந்து நிமிடத்தில் கட்டிலருகிலேயே முடிவு தெரிந்துவிடும்.

"இருமினது நான் இல்ல சிஸ்டர். ஓப்ராத் அண்ணன்," என்றார் ஜன்னலோரக் கட்டில்காரர்.

"நான் தூங்கிட்டிருந்தேன்யா," என்றார் அடுத்த கட்டிலில் இருந்த ஓப்ராத்.

"தூக்கத்துல இருமினீங்கண்ணே. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும்," என்றார் லியுபிங்கா. "நான் வராண்டால நடந்து வரும்போதே கேட்டுச்சு. பஸ் ஹாரன் மாதிரி. தலைய பின்னால சாய்ங்க."

ஜன்னலோரக் கட்டில்காரரின் பெயர் திஹோமிர். வயது ஐம்பத்தேழு. நீஷ் நகருக்குப் போகும் பேருந்தை இருபத்தாறு ஆண்டுகளாக ஓட்டுகிறார். அவர் பெயருக்கு அமைதியானவர் என்று பொருள். பேருந்தின் கடைசி இருக்கைவரை கேட்கிற குரல். செவ்வாய்க்கிழமை வயிற்றைத் திறந்து பித்தப்பையை எடுத்திருந்தார்கள். கல் பெரிதாக இருந்ததால் சிறு துளை போட்டு எடுக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புவதாக வாக்குக் கொடுத்திருந்தார்கள். அந்த வாக்கை அவர் செவ்வாய் மாலையிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

காரணம், மறுநாள் புனித யோவான் நாள். திஹோமிர் குடும்பத்தின் ஸ்லாவா. குடும்பத்தைக் காக்கும் புனிதரின் நாள் அது. தகப்பனிடமிருந்து மகனுக்கு வரும். வீட்டுக்காரர்தான் மெழுகுவர்த்தி ஏற்றவேண்டும், பாதிரியாரோடு சேர்ந்து சடங்கு ரொட்டியைச் சுழற்றி வெட்டவேண்டும், வருகிறவர்களை வாசலில் நின்று வரவேற்கவேண்டும். தகப்பனார் 1993இல் இறந்தபின் திஹோமிர் முப்பது முறை அப்படி நின்றிருக்கிறார். ஒரு முறையும் தவறியதில்லை.

குச்சி உள்ளே போனதும் அவர் கண்ணில் நீர் வந்தது.

"மூளைய தொட்டுட்டீங்க சிஸ்டர்."

"இல்ல. தேடினேன், கிடைக்கல."

ஓப்ராத் சிரித்ததில் அவருடைய குடலிறக்கத் தையல் வலித்தது. "ஐயோ, என்ன சிரிக்க வைக்காதீங்க," என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

லியுபிங்கா அட்டையை மேசைமேல் வைத்து நேரம் குறித்தபோது டாக்டர் நெவேனா உள்ளே வந்தார். நாற்பது வயது அறுவை மருத்துவர். எட்டரைக்கு அவருக்கு ஒரு அறுவை சிகிச்சை இருந்ததால் உட்காரவில்லை.

"டாக்டரம்மா, இந்த அட்டை என்ன சொன்னாலும் நான் ரெண்டு மணிக்குக் கிளம்பறேன், சரியா?"

"சரியில்ல. ஃப்ளூன்னு வந்தா இங்கதான் இருப்பீங்க. தனி அறை. வயித்த திறந்து மூணு நாள்தான் ஆச்சு. நெஞ்சுக்கு இறங்கினா நிமோனியா. அதோட, வீட்டுல தனியா ஒரு ரூம்ல படுத்திருப்பேன்னு நீங்க சொன்னாலும் நாளைக்கு உங்க வீடு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். எத்தன பேர் வருவாங்க?"

"நாப்பது. நாப்பத்தஞ்சு."

"ஒரு வாரம் தள்ளி வையுங்க."

ஓப்ராத் போர்வையை நெஞ்சுவரை இழுத்துக்கொண்டார்.

"புனித யோவான தள்ளி வைக்கவா?" என்றார் திஹோமிர்.

"அப்ப போன் பண்ணி வரவேண்டாம்னு சொல்லுங்க."

"யாருக்கும்மா பண்றது? ஸ்லாவாவுக்கு யாரையும் கூப்பிடறதில்லையே. ஒரு தடவ வந்தவன் சாகறவரைக்கும் வருவான். நான் கூப்பிட்டிருந்தா வரவேண்டாம்னு சொல்லலாம். கூப்பிடாதவன எப்படி வராதேன்னு சொல்றது? அவமானப்படுத்தற மாதிரி ஆயிடாது?"

டாக்டர் நெவேனாவும் மறுநாள் இரண்டு வீடுகளுக்குப் போகவேண்டியவர். இரண்டிலும் யாரும் அவரைக் கூப்பிட்டிருக்கவில்லை. "ரெண்டு மணிக்குள்ள முடிவு தெரியணும். அதுக்கப்புறம் டிஸ்சார்ஜ் பேப்பர் திங்கட்கிழமைதான்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏழு முப்பத்தைந்துக்கு லியுபிங்கா அட்டையைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். அட்டையில் ஒன்றுமே இல்லை. நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு கோடு வந்தே தீரவேண்டும். அட்டை வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. அந்தக் கோடுகூட வரவில்லை.

"கோடு இல்லன்னா நோய் இல்லன்னுதானே அர்த்தம்?" என்றார் திஹோமிர்.

"கோடு இல்லன்னா அட்டை செத்துப்போச்சுன்னு அர்த்தம்."

எட்டு மணிக்கு இரண்டாவது அட்டை. இந்த முறை மற்ற மூக்குத் துளை. எட்டேகாலுக்கு அதிலும் கோடில்லை. லியுபிங்கா கிடங்குக்குப் போன் செய்து பெட்டியைக் குளிரில் எங்காவது வைத்தார்களா என்று கேட்டார். வைக்கவில்லை என்றார்கள். அதே பெட்டி அட்டை முந்தின நாள் மூன்றாம் அறையில் ஒழுங்காக வேலை செய்திருந்தது. அவர் திரும்பி வந்து திஹோமிரின் முகத்தருகே குனிந்தார்.

"மூச்ச விடுங்க."

திஹோமிர் மூச்சை அடக்கிக்கொண்டார்.

"விடுங்கன்னு சொன்னேன்."

விட்டார். பிளம் பழ வாசனை வந்தது. காய்ச்சி வடித்த பிளம் சாராயம், ராக்கியா, ஐம்பது சதவிகிதத்துக்குக் குறையாதது.

"குடிச்சீங்களா? வயித்துல தையல வெச்சிக்கிட்டா?"

"சத்தியமா ஒரு சொட்டு குடிக்கல சிஸ்டர்! மூக்குல விட்டேன்."

"என்னது?"

"மூக்குல. ரெண்டு ரெண்டு சொட்டு. காலைல ஆறு மணிக்கு ஒரு தடவ. நீங்க மொத அட்டைய பாத்துட்டுப் போனதும் இன்னொரு தடவ. வைரஸ் மூக்குலதானே இருக்கு? ராக்கியா பட்டா எது உயிரோட இருக்கும்?"

லியுபிங்கா ஓப்ராத் பக்கம் திரும்பினார். ஓப்ராத் கூரையைப் பார்த்தார். அவருடைய அலமாரிமேல் சிலுவை படம் ஒட்டிய பிளாஸ்டிக் பாட்டில் இருந்தது. போன வருடம் திருக்காட்சித் திருநாளில் கோவிலில் புனித நீர் பிடித்துவந்த பாட்டில். லியுபிங்கா மூடியைத் திறந்து முகர்ந்தார்.

"இதான் புனித நீரா ஓப்ராத் அண்ணே?"

"எங்க மச்சான் காய்ச்சினது. அவன் ரொம்ப பக்தியானவன்."

"ரெண்டு அட்டை! முழு மாடிக்கும் திங்கட்கிழமை வரைக்கும் நாலுதான் இருந்துச்சு. ரெண்ட உங்க மச்சானோட ராக்கியா கொன்னுடுச்சு. வேற காரணம் இருக்க முடியாது."

"அட்டையவே கொன்னுடுச்சுன்னா, வைரஸ என்ன பண்ணியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க," என்றார் ஓப்ராத்.

பாட்டில் நர்ஸ் அறைக்குப் போனது. திஹோமிரின் மூக்கை லியுபிங்கா உப்பு நீரால் மூன்று முறை கழுவினார். இரண்டு மணி நேரம் மூக்கை யாரும் எதுவும் செய்யக்கூடாது, தொடக்கூடக் கூடாது என்று உத்தரவு. அதன்பின் மூன்றாவது அட்டை. அதுவும் செத்தால் ஃப்ளூ என்றே வைத்துக்கொண்டு தனி அறைக்கு மாற்றுவதாகச் சொன்னார்.

"ஏமாத்தணும்னு பண்ணல சிஸ்டர்," என்றார் திஹோமிர், முதல்முறையாகத் தாழ்ந்த குரலில். "நாளைக்கு நான் வாசல்ல நிக்கலன்னா எங்கப்பா முகத்துல எப்படி முழிப்பேன்? சுவத்துல மாட்டியிருக்கிற போட்டோவ சொல்றேன். நேரா வாசலத்தான் பாத்துக்கிட்டிருப்பாரு."

"முழிக்கலாம். முதல்ல மூக்க நோண்டாம இருங்க."

பத்தேகாலுக்கு மனைவி தெசாங்கா வந்தார். ஒரு கையில் கணவருடைய கறுப்புக் கோட்டு, மறு கையில் பை. பையில் முட்டைக்கோஸ் இலையில் இறைச்சியும் அரிசியும் பொதிந்து வேகவைத்த சர்மா ஒரு டப்பா, நர்ஸுகளுக்கு. நாற்காலியில் உட்கார்ந்ததும் இருமினார்.

"குறுக்குக் காத்து," என்றார், யாரும் கேட்காமலே. "பஸ்ல முன் ஜன்னலையும் திறந்து வெச்சிருக்கான், பின் ஜன்னலையும் திறந்து வெச்சிருக்கான். ஜனவரில! உன் கூட வேலை பாக்கறானே அந்தப் புதுப் பையன்தான். மனுஷனா அவன்?"

"என் பஸ்ஸா?" என்று திஹோமிர் எழ முயன்று வலியில் படுத்தார். "என் பஸ்ல குறுக்குக் காத்தா?"

"கழுத்து பிடிச்சிக்கிச்சு. உடம்பெல்லாம் அடிச்சுப்போட்ட மாதிரி இருக்கு. எல்லாம் அதனாலதான்."

ஓப்ராத் அனுதாபத்துடன் தலையசைத்தார். எதிரெதிராக இரண்டு ஜன்னல்கள் திறந்திருக்கும் இடத்தில் உட்கார்ந்தால் கழுத்து வலியிலிருந்து பக்கவாதம் வரை எதுவும் வரலாம் என்பதில் அந்த அறையில் மூவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

"சமையல் எந்த மட்டுல இருக்கு?" என்றார் திஹோமிர்.

"சர்மா மூணு அண்டா முடிஞ்சிடுச்சு. சடங்குக்கு வைக்கிற கோதுமை வெந்துடுச்சு. பொண்ணு மூணு மணி பஸ்ல வர்றா, கேக்குக்கு அவ. ரொட்டி மட்டும் இன்னிக்குப் பெசையணும். நீ வர்றியா இல்லையா, அத மொதல்ல சொல்லு."

பத்தரைக்கு லியுபிங்கா மூன்றாவது குச்சியோடு வந்தார். சொட்டுகளை விட்டு, அட்டையைக் கட்டிலோர மேசைமேல் வைத்தார். இந்த முறை மூன்று நிமிடத்திலேயே முதல் கோடு வந்தது. அட்டை உயிரோடு இருந்தது. மற்ற இடங்கள் காலியாக இருந்தன. இன்னும் பன்னிரண்டு நிமிடம் காத்திருக்கவேண்டும். நால்வரும் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெசாங்கா இருமினார். பிறகு மறுபடி இருமினார்.

லியுபிங்கா அட்டையை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார்.

"அம்மா, காய்ச்சல் இருக்கா?"

"இல்ல. அடுப்புகிட்டயே நின்னதுல கொஞ்சம் சூடு."

நெற்றியில் கை வைத்துப் பார்த்த லியுபிங்கா வெளியே போனார். நான்காவது அட்டை நோயாளிகளுக்கானது. பார்க்க வருகிறவர்களுக்கு எடுக்கக்கூடாது. டாக்டர் நெவேனா அறுவை அரங்கில் இருந்தார். தலைமை நர்ஸ் விடுப்பில். வராண்டாவில் லியுபிங்கா ஒரு நிமிடம் நின்றார். பிறகு அலமாரியைத் திறந்து கடைசி அட்டையை எடுத்தார், ஒரு முகக்கவசத்தோடு.

"என்ன எதுக்குக் குத்தணும்? நான் நோயாளி இல்லையே!" என்றார் தெசாங்கா.

"இவர இங்கேர்ந்து சுத்தமா அனுப்பறேன். நீங்க இவருக்கு பஸ்லயே ஃப்ளூவ குடுத்துட்டா, நான் காலைலேர்ந்து பட்ட பாடு யாருக்கு?"

"இது குறுக்குக் காத்துன்னு சொன்னேனே சிஸ்டர்."

"அப்ப அட்டைலயும் குறுக்குக் காத்துன்னே வரட்டும். தலைய சாய்ங்க."

பத்தே முக்காலுக்குத் திஹோமிரின் அட்டையில் முடிவு. ஒரே கோடு. ஃப்ளூ இல்லை, கொரோனா இல்லை, அட்டை தேடுகிற எந்த வைரஸும் இல்லை. திஹோமிர் கத்தியதில் பக்கத்து அறையிலிருந்து யாரோ சுவரைத் தட்டினார்கள்.

"நான் சொன்னேன்ல? மச்சானோட ராக்கியா!" என்றார் ஓப்ராத்.

"இருமலுக்குக் காரணம் ஆபரேஷனப்ப தொண்டைல போட்ட குழாயும், மாடிப்படில நின்னு ஊதின சிகரெட்டும்," என்றார் லியுபிங்கா. "எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா?"

தெசாங்காவின் அட்டை பதினைந்து நிமிடம் எடுத்துக்கொள்ளவில்லை. நான்காவது நிமிடத்தில் இரண்டாவது கோடு வந்துவிட்டது. ஏ வகை ஃப்ளூ. கோடு சிவப்பாக, தடிமனாக இருந்தது. ஓப்ராத் எட்டிப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் தன் கட்டிலின் சுவரோரமாக நகர்ந்து படுத்தார்.

"அப்ப ரொட்டி?" என்றார் தெசாங்கா. கேட்டபோது அவர் கண் கலங்கியிருந்தது. காய்ச்சலாலும் இருக்கலாம்.

பன்னிரண்டரைக்கு டாக்டர் நெவேனா அரங்கிலிருந்து வந்தார். தலைத்தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. இரண்டு அட்டைகளையும் பார்த்தார், பிறகு முகக்கவசம் போட்டுக் கதவருகே உட்கார வைக்கப்பட்டிருந்த தெசாங்காவை.

"இவர வெச்சிக்கணும்னு பாத்தேன், ஃப்ளூ இல்ல. இப்ப அனுப்பலாம்னு பாத்தா ஃப்ளூ இருக்கிற வீட்டுக்கு அனுப்பணும். திஹோமிர், திங்கட்கிழமை வரைக்கும் இங்கயே இருங்க."

"டாக்டரம்மா! நான் சுத்தம்னு அட்டையே சொல்லுது!"

"உங்க வீடு சுத்தம்னு சொல்லலியே."

அறையில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கடைசியில் கேட்டது தெசாங்காவின் குரல், முகக்கவசத்துக்குள்ளிருந்து.

"முற்றத்துக்கு அந்தப் பக்கம் கோடைச் சமையலறை இருக்கு. தனிக் கட்டடம். கட்டில் இருக்கு, அடுப்பு இருக்கு, கக்கூஸும் இருக்கு. நான் அங்க இருக்கேன். வீட்டுப் பக்கமே வரமாட்டேன். ரொட்டிய பேக்கரில வாங்கிக்கட்டும்." கடைசி வாக்கியத்தைச் சொல்ல அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. இருபத்தெட்டு வருடங்களில் அந்த வீட்டு ஸ்லாவாவுக்குக் கடை ரொட்டி வந்ததில்லை.

டாக்டர் நெவேனா கணவனையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சரி. ஆனா சும்மா அனுப்ப மாட்டேன். திஹோமிர், இன்னிக்கு அரை மணி நேரம் முகக்கவசம் இல்லாம இவங்க பக்கத்துல இருந்துட்டீங்க, அதனால நாளைக்கு முழுக்க முகக்கவசம். யாருக்கும் முத்தம் கிடையாது."

"கன்னத்துல மூணு முத்தம் குடுக்காம எப்படி வரவேத்..."

"கிடையாது. காய்ச்சல் அடிச்சா அந்த நிமிஷமே போன். கனமான எதையும் தூக்கக்கூடாது. நாற்காலில உட்காரணும்."

"ஸ்லாவா அன்னிக்கு வீட்டுக்காரன் உட்கார்றதா?"

"உட்கார்றது. இன்னும் ஒண்ணு. மணிக்கு ஒரு தடவ, பத்து நிமிஷம், விருந்து ரூம்ல எதிரெதிரா இருக்கிற ரெண்டு பக்கத்து ஜன்னலையும் திறந்து வைக்கணும்."

திஹோமிருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவர் முகம் போன போக்கைப் பார்த்து ஓப்ராத் போர்வையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார்.

"குறுக்குக் காத்தா? நாப்பது பேர கூட்டி வெச்சு குறுக்குக் காத்துலயா? டாக்டரம்மா, ஊருல என்ன கொலைகாரன்னு சொல்லுவாங்க!"

"சொல்லட்டும்."

"எங்க பெரியப்பாவுக்கு எண்பத்தி நாலு வயசு!"

"அவருக்காகத்தான் சொல்றேன். தொப்பி போட்டுக்கச் சொல்லுங்க. முடியாதுன்னா இந்தப் பேப்பர்ல நான் கையெழுத்துப் போடல."

கதவுக்கு மேலிருந்த கடிகாரம் பன்னிரண்டு ஐம்பது காட்டியது. திஹோமிர் மனைவியைப் பார்த்தார். தெசாங்கா கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டே தலையை ஆட்டினார். ஒத்துக்கொள் என்று.

"டாக்டர் உத்தரவுன்னு எழுதிக் குடுங்க," என்றார் திஹோமிர். "முத்திரையோட. சுவத்துல ஒட்டணும்."

டாக்டர் நெவேனா மருந்துச்சீட்டில் எழுதினார்: மணிக்கு ஒருமுறை, பத்து நிமிடம், எதிரெதிர் ஜன்னல்கள். கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். தெசாங்காவுக்குத் தனிச் சீட்டில் மாத்திரை எழுதினார். ஒன்று நாற்பதுக்கு திஹோமிர் கறுப்புக் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வயிற்றைப் பிடித்தபடி, படியிறங்கினார். மனைவி பத்தடி பின்னால் வந்தார். திஹோமிரைப் பேருந்து நிலையத்துப் பையன் ஒருவன் தன் காரில் ஏற்றிக்கொண்டான். தெசாங்கா வேறு காரில் போனார். ஓப்ராத் ஜன்னலிலிருந்து, "நாளைக்கு நான் வரல, மன்னிச்சுக்க!" என்று கத்தினார்.

"உங்கள யாரு கூப்பிட்டா?" என்று கீழிருந்து பதில் வந்தது.

ஜனவரி 20 அன்று நாற்பத்து மூன்று பேர் வந்தார்கள். முத்திரை குத்திய சீட்டு சுவரில், தகப்பனார் படத்துக்குக் கீழே ஒட்டப்பட்டிருந்தது. திஹோமிர் முகக்கவசத்துடன் வாசலில் நின்று வரவேற்றார். விருந்தின்போது ஜன்னல்கள் ஆறு முறை திறக்கப்பட்டன. ஒவ்வொரு முறையும் எல்லாரும் கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்து, ராக்கியா கோப்பையோடு முற்றத்துக்குப் போய், கோடைச் சமையலறை ஜன்னலுக்கு வெளியே நின்று தெசாங்காவுக்காகக் குடித்தார்கள். அவர் உள்ளிருந்து தேநீர்க் கோப்பையை உயர்த்தினார். பாதிரியார் பேக்கரி ரொட்டியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

தெசாங்காவின் காய்ச்சல் நான்காம் நாள் இறங்கியது. திஹோமிருக்கு ஃப்ளூ வரவில்லை. விருந்தினரில் இரண்டு பேருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. குறுக்குக் காற்று என்றார்கள். திங்கட்கிழமை புதிய பெட்டி வந்தது. இருபத்தைந்து அட்டைகள் பெற்றுக்கொண்டதாக லியுபிங்கா கையெழுத்திட்டார். திஹோமிரின் தையல் ஜனவரி 26 அன்று பிரிக்கப்பட்டது.